33 வின்செஸ்டருக்குத் தோட்டா இல்லையா? பங்காளி வீட்டில் தேடுங்கள்

பென்சில்வேனியாவில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு பழைய துப்பாக்கிச் சந்தையில், வின்செஸ்டர் 1886 ஒன்று நியாயமான விலைக்குக் கிடைத்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, லிவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள். மரக்கட்டையில் கீறல்கள் இருந்தன, ஆனால் லிவரை இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து குழலைத் துடைத்தபோதுதான் விலை ஏன் குறைவு என்று புரிந்தது. குழலின் மேல் ‘33 டபிள்யூ.சி.எஃப்.’ என்ற முத்திரை. 33 வின்செஸ்டர் என்றும் சொல்வார்கள், 1902-இல் வந்த தோட்டா. 1936-இல் வின்செஸ்டர் மாடல் 71-ஐயும் 348 தோட்டாவையும் கொண்டுவந்தபோது இதன் கதை முடிந்தது. கொஞ்ச காலத்தில் தோட்டா தயாரிப்பும் நின்றுவிட்டது. கடையில் கேட்டால் 338 பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு தோட்டா.

ஆறு வாரம் ‘33 வின்செஸ்டர்’ என்ற பெயரை வைத்தே தேடி ஒன்றும் சிக்கவில்லை. பிறகுதான் தேடுகிற முறையே தப்பு என்று உறைத்தது. ஊரை விட்டுப் போனவரைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் பூட்டிய வீட்டைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டோம், பங்காளி வீட்டுக்குப் போவோம். தோட்டாவும் அப்படித்தான். 33-இன் கூடு, அதாவது மற்றவற்றைத் தாங்கும் பித்தளைக் குப்பி, 45-70 என்ற இன்னொரு தோட்டாவின் கூட்டைக் கழுத்து நெருக்கிச் செய்தது. அதன் குண்டு, அதாவது குழலிலிருந்து பறந்து போகும் பகுதி, 0.338 அங்குல விட்டம், இன்று வரை புழக்கத்தில் இருக்கும் அளவு. கூட்டின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், சாதாரணப் பெரிய ரைஃபிள் வகை. மருந்து எந்தக் கடையிலும் இருக்கும் நடுத்தர வேக வகை. உண்மையிலேயே அரிதானது டை ஒன்றுதான், கூட்டை உள்ளே அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு. மற்ற எல்லாவற்றுக்கும் உயிரோடு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம்.

இது அமெரிக்காவில், சட்டப்படி ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அங்கே படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பின் தோட்டா நிரப்பாதவர்கள் இதிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு வருடமாவது 30-30 போன்ற சாதாரணத் தோட்டாவை நிரப்பிப் பழகிய பிறகு வாருங்கள்.

முதல் படி: துப்பாக்கியிடமே கேளுங்கள்

முத்திரையை அப்படியே நம்பிவிடக் கூடாது. நூறு வருடத்தில் ஒரு துப்பாக்கி எத்தனை கை மாறியிருக்கும்! யாரோ குழலை மாற்றியிருக்கலாம், தோட்டா உட்காரும் இடமான சேம்பரைக் குடைந்து வேறு தோட்டாவுக்குப் பெரிதாக்கியிருக்கலாம். 33-க்கான 1886-களில் குழல் நிக்கல் எஃகு. புகையில்லா மருந்துக்கென்றே செய்தது என்று குழலிலேயே பொறித்திருப்பார்கள். அந்த எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், பழைய லிவர் துப்பாக்கி தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்து சேம்பரின் அச்சு. செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவை இதற்கென்றே விற்கிறது. பிஸ்மத்தும் ஈயமும் கலந்தது, கொதிக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் கீழேயே உருகிவிடும். சேம்பருக்கு முன்னால் குழலில் துணி அடைத்து, உருக்கி ஊற்றி, ஆறியதும் தட்டி எடுக்க வேண்டும். ஆறும்போது இது முதலில் சுருங்கும். ஊற்றி ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல விரியும். அதனால் காலிப்பர் என்ற துல்லிய அளவுகருவியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து அளங்கள். மறுநாள் நிதானமாக அளந்துகொள்ளலாம் என்று விட்டால் அளவு தப்பிவிடும். இதில் காட்மியமும் இருப்பதால் அளவுக்கு மீறிச் சூடேற்றக் கூடாது, சன்னலைத் திறந்து வையுங்கள். 1886-இல் பின்பக்கத்திலிருந்து சேம்பரை எட்டுவது லேசில்லை, சேம்பரின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். நான் அந்த வேலையைப் பழுதுபார்ப்பவரிடமே விட்டுவிட்டேன்.

குழலின் உள் அளவுக்கு, மெத்தென்ற சுத்த ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவிக் குழல் வழியாகத் தள்ளி எடுத்து அளக்க வேண்டும். தள்ளுவதற்குப் பித்தளைக் கம்பி போதும், வெறும் எஃகுக் கம்பி வேண்டாம். 0.338-ஐ ஒட்டி வந்தால் நல்லது. தேய்ந்த குழல் ஒன்றிரண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை எழுதி வையுங்கள், குண்டு வாங்கும்போது அதுதான் வழிகாட்டி.

இரண்டாம் படி: டையை முதலில் வாங்குங்கள்

பெரும்பாலானவர்கள் கூட்டில் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான், நூறு கூடுகளை வாங்கி வைத்துக்கொண்டு டைக்காக நாலு மாதம் காத்திருந்தேன். டை இல்லாமல் கூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புது டை வேண்டுமானால் ஒஹாயோவில் சி.எச். 4டி என்ற சிறு நிறுவனம் வழக்கொழிந்த அளவுகளுக்கென்றே பெயர் பெற்றது. ஆர்.சி.பி.எஸ்., ரெடிங் போன்ற பெரியவர்களும் ஆர்டரின் பேரில் செய்து தந்ததுண்டு, இப்போதும் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். காத்திருக்கப் பொறுமை வேண்டும். பழைய டை வாங்குவதானால் ஏலத் தளங்களில் ‘33 வின்’ என்று தேடுங்கள். கூடவே ‘33 டபிள்யூ.சி.எஃப்.’ என்றும் தேடுங்கள், விற்பவர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ‘338 வின்’ என்று இருந்தால் அது மேக்னம், இதற்கு உதவாது. வாங்கும் முன் டையின் தலையில் இருக்கும் பொறிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே துரு இருந்தால் ஒவ்வொரு கூட்டிலும் கீறல் விழும், எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர் பிரச்சினையே இல்லை. விளிம்பு 45-70 விளிம்புதான். ஆர்.சி.பி.எஸ். 14-ஆம் எண், லீ 8, லைமன் 17. எந்தக் கடையிலும் இருக்கும்.

இடைநிலை டை ஒன்றும் தேவைப்படும். 0.458 அங்குல வாயை ஒரே இழுப்பில் 0.338-க்குக் கொண்டுவரப் பார்த்தால் கூடு தோளில், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் இடத்தில், அப்பளமாக நொறுங்கும். 40-65 வின்செஸ்டர் டை இதற்குத் தோது. அதுவும் 45-70 குடும்பத்துப் பிள்ளைதான், வாய் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது.

மூன்றாம் படி: கூடு

உருவாக்கி முடித்த 33 கூடுகளையே விற்கும் கடைகள் உண்டு. விலை கொஞ்சம் உறுத்தும். ஐம்பது கூடு போதும் என்பவர்கள் அதை வாங்கிவிடலாம், மிச்சமாகும் நேரத்துக்கு அந்தப் பணம் தகும். நிறையச் சுடுபவர்கள் 45-70 கூடு வாங்கித் தாங்களே செய்துகொள்ளலாம். ஸ்டார்லைன் போன்றவர்களின் புதுக் கூடு எளிதாகக் கிடைக்கிறது.

நான் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. சந்தையில் ஒருவரிடம் ஒரு தடவை சுட்ட 45-70 கூடுகள் ஒரு பை நிறைய, மலிவாகக் கிடைத்தன. அளக்காமல் வாங்கி, மெனக்கெட்டுக் கழுத்து நெருக்கி, கடைசியில் நீளம் பார்த்தால் எல்லாமே குட்டை. 45-70 கூட்டின் முறையான நீளம் 2.105 அங்குலம், 33-க்கும் அதே நீளம்தான். ஆனால் நீண்ட மென்முனைக் குண்டு போடும் சில நவீன 45-70 தோட்டாக்களுக்குக் கூட்டை 2.040-ஆகக் குறைத்தே செய்கிறார்கள், இல்லாவிட்டால் மொத்த நீளம் துப்பாக்கிக்குள் அடங்காது. என் பை முழுக்க அந்த வகை. பழைய கூடு வாங்கப் போகும்போது சட்டைப்பையில் காலிப்பர் இருக்கட்டும். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இன்னொரு ஆசையையும் விட்டுவிடுங்கள்: 1920-கள், 30-களின் அசல் பெட்டி கிடைத்தால் சுட்டுவிட்டு அந்தக் கூட்டையே நிரப்பலாம் என்பது. அந்தக் காலத்துப் பிரைமர்களில் பாதரசம் இருந்திருக்கலாம். அது பித்தளைக்குள் இறங்கி அதை உடையும் பண்டமாக்கிவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. குளோரேட் உப்பு கலந்த பிரைமர் என்றால் குழல் துருப்பிடிக்கும். பெட்டி கலையாமல் இருந்தால் சேகரிப்பவர் ஒருவருக்கு விற்று, அந்தக் காசில் புதுக் கூடு வாங்குங்கள். நூறு வருடம் காத்து வந்த பெட்டிக்கும் அதுதான் மரியாதை.

சரி, இனி செய்முறை.

முதலில் கூட்டின் வாயைப் பதப்படுத்த வேண்டும். ஒரு தட்டில் பாதிக் கூடு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கூடுகளை நிற்க வையுங்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, டார்ச் தீயை வாய்ப்பகுதியில் மட்டும் சுற்றிக் காட்டுங்கள். நிறம் மாறி மங்கலாகச் சிவக்கத் தொடங்கும் நொடியில் கூட்டைத் தண்ணீரில் சாய்த்துவிட வேண்டும். அடிப்பகுதி சூடாகவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அந்த அடிதான், அது இளகினால் கூடு வெடிக்கும். அடி சூடாகிவிட்டதோ என்று ஒரு கூட்டைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

பிறகு, கூடு டைக்குள் வழுக்கிப் போக மெழுகு. விரல் நுனியில் தொட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல மெல்லியதாகத் தடவுங்கள். அதிகமானால் தோளில் பள்ளம் விழும், குறைந்தால் கூடு டைக்குள் சிக்கி அதைக் கழற்றவே ஒரு சனிக்கிழமை போய்விடும். 40-65 டையில் மெதுவாக, கால் அங்குலம் இறக்கி, கொஞ்சம் ஏற்றி, மறுபடி இறக்கி நெருக்குங்கள். கை சொல்லும்: சீராக இறுகிக்கொண்டே வந்தால் சரி, திடீரென்று எதிர்ப்பு விட்டுப்போனால் கூடு மடங்கிவிட்டது என்று அர்த்தம். துடைத்து, மறுபடி மெழுகு தடவி, 33 டை. முதல் இருபதில் எனக்கு நாலு பாழாயின. இரண்டாம் இருபதில் ஒன்று.

இந்தத் தோட்டா சேம்பரில் விளிம்பில் நிற்கிறது. அதனால் தோள் மயிரிழை முன்பின் இருந்தாலும் ஆபத்தில்லை, முதல் முறை மென்மையாகச் சுடும்போது தானே வடிவத்துக்கு வரும். கவலைப்பட வேண்டிய இடம் கழுத்து.

அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 45-70 கூட்டின் வாய்ச்சுவர் சுமார் 0.011 அங்குலக் கனம். வாயை நெருக்கும்போது அந்தப் பித்தளை எங்கும் போய்விடுவதில்லை, சுவர் தடிக்கிறது. வாய்க்குச் சற்றுக் கீழே, கூடு முதலிலேயே கனமாக இருந்த இடத்தில் இன்னும் தடிக்கிறது. நிரப்பிய 33 தோட்டாவின் கழுத்து சுமார் 0.365 அங்குலம் இருக்க வேண்டும். குண்டின் 0.338-ஐக் கழித்தால் ஒரு பக்கத்துக்கு மிஞ்சுவது 0.0135 மட்டும். சுவர் அதைத் தாண்டினால் தோட்டா சேம்பருக்குள் இறுகலாக உட்காரும், சுடும்போது குண்டை விட்டுக்கொடுக்கக் கழுத்துக்கு இடம் இருக்காது, அழுத்தம் கண்டபடி ஏறும். ஆகவே மருந்தும் பிரைமரும் இல்லாமல் குண்டு மட்டும் செருகிய மாதிரித் தோட்டா ஒன்று செய்து, கழுத்தை மூன்று இடங்களில் அளந்து, சேம்பர் அச்சின் கழுத்தோடு ஒப்பிடுங்கள். அச்சைவிட இரண்டு மூன்று ஆயிரத்தில் ஒரு பங்காவது சிறிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்தைச் சீவும் கருவியால் வெளியே சீவுங்கள், அல்லது உள்ளே ரீமர் என்ற கருவியால் குடையுங்கள். இந்த அளவை எடுக்காமல் யாரும் சுடக் கூடாது.

கடைசியில் நீளம் வெட்டி, வாயின் பிசிரை எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: குண்டு

0.338 அங்குலக் குண்டு என்றால் கடை நிறைய இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, ஆனால் முக்கால்வாசி நமக்கு ஆகாது. 1886-இல் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இருக்கும் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டிக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் பின்னுதைப்பில் அது ஆணி மாதிரி வேலை செய்து குழாயிலேயே வெடிக்கலாம். தட்டை முனைதான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 338 மேக்னம் 1958-இல் வந்த தோட்டா, அதன் வேகத்தைத் தாங்கவே அந்தக் குண்டுகளின் உறையைக் கெட்டியாகச் செய்கிறார்கள். 33-இன் பழைய ஃபேக்டரித் தோட்டா 200 கிரெயின் (சுமார் 13 கிராம்) குண்டை நொடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில்தான் விட்டது. அந்த வேகத்தில் மேக்னம் குண்டு மானுக்குள் விரியாமல் ஊசி போலத் துளைத்துப் போய்விடும். மான் அடிபட்டு ஓடி, எங்கோ புதரில் சாகும். அது பாவம்.

ஹார்னடி இந்தத் தோட்டாவுக்கென்றே 200 கிரெயின் தட்டை முனைக் குண்டு செய்ததுண்டு. அது எப்போதும் அலமாரியில் இருக்கும் சரக்கில்லை, கண்ணில் பட்டால் கையில் இருக்கும் பணத்துக்கு வாங்கிவிடுங்கள். 338 மார்லின் எக்ஸ்பிரஸுக்காக வந்த 200 கிரெயின் மென்முனைக் குண்டு இன்னொரு வழி. முனை ரப்பர் போல இருப்பதால் குழாயில் ஆபத்தில்லை. ஆனால் மூக்கு நீளம். 33-இன் மொத்த நீளம் சுமார் 2.80 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் ஆழமாகச் செருக வேண்டிவரும், கூட்டின் வாயை மடித்து இறுக்குவதற்கான கிரிம்ப் பள்ளம் அந்த வாய்க்கு நேராக வராது. நான் அந்தக் குட்டைக் கூடுகள் இருந்த பையை இதற்குத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறேன், எதுவும் வீணாகவில்லை. ஆழமாகச் செருகினால் மருந்துக்கான இடம் குறைகிறது, ஆகவே வேறொரு குண்டுக்கான மருந்தளவை இதற்குப் போடக் கூடாது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: வார்ப்புக் குண்டு. ஈயக் கலவையில் வார்த்து, அடியில் செப்பு மூடி பொருத்தியது. அச்சு செய்து தரும் சிறு பட்டறைகள் அமெரிக்காவில் நன்றாகவே இயங்குகின்றன, நீங்கள் கேட்கும் அளவிலேயே தருவார்கள். ஈயத் துண்டு தள்ளி எழுதி வைத்தீர்களே ஓர் எண், அதைவிட ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடுதலான அச்சைக் கேளுங்கள். தேய்ந்த குழலுக்கு உறைக் குண்டைவிட இதுதான் கட்டிப்பிடித்துப் போகும். கூட்டுக்கும் குழலுக்கும் தேய்மானம் குறைவு, சுடுபவர் தோளும் நோகாது. வார்த்த குண்டை விலைக்கு வாங்கினாலும் சரிதான்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை. 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. ஈயமில்லாத தட்டை முனை 0.338 கிடைப்பது குதிரைக் கொம்பு. அங்கே இந்தத் துப்பாக்கி பெரும்பாலும் இலக்குச் சுடும் மைதானத்தோடு நின்றுவிடும்.

ஐந்தாம் படி: மருந்தும் பிரைமரும்

இங்கே நான் மருந்தளவு எதுவும் தரப்போவதில்லை. முகம் தெரியாத ஒருவர் எழுதிய எண்ணை நம்பிப் பழைய துப்பாக்கியில் போடுவது நல்ல பழக்கமில்லை. லைமன், ஹார்னடி நிறுவனங்களின் பழைய கையேடுகளில் 33 வின்செஸ்டருக்குப் பக்கம் இருக்கிறது. பழைய புத்தகக் கடையிலும் துப்பாக்கிச் சந்தையிலும் அவை கிடைக்கும். இரண்டு கையேடுகளாவது வாங்கி ஒப்பிட்டு, இரண்டிலும் குறைந்த தொடக்க அளவு எதுவோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய கையேட்டில் இருக்கும் சில மருந்துகள் இன்று இல்லை. ஐ.எம்.ஆர். 3031, 4895 போன்றவை நீண்ட காலமாக இருப்பவை, அவற்றைத் தேடிப் பாருங்கள். கவனம்: 4895 என்ற எண்ணை ஐ.எம்.ஆரும் வைத்திருக்கிறது, ஹாட்ஜ்டனும் வைத்திருக்கிறது. எண் ஒன்று, மருந்து இரண்டு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடாதீர்கள்.

மருந்தும் பிரைமரும் தபாலில் வராது, தனியார் கூரியரில் அபாயப் பொருள் கட்டணத்தோடுதான் வரும். அந்தக் கட்டணம் ஒரு டப்பாவுக்கும் அதே, நாலு டப்பாவுக்கும் அதே. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சேர்ந்து ஆர்டர் போடுங்கள், அல்லது உள்ளூர்க் கடையிலேயே வாங்கிவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை. விற்க ஆரம்பித்தால் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சுடும் முன்

மருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஐந்து செய்து குழாயில் நிரப்பி லிவரை இழுத்துப் பாருங்கள். 1886-இல் தோட்டாவைக் குழாயிலிருந்து மேலே தூக்கும் பாகத்துக்குத் தோட்டாவின் நீளத்தில் பிடிவாதம் உண்டு. நீளம் கூடினால் ஏறாது, குறைந்தால் அடுத்ததன் மூக்கு இடையில் நுழைந்து அடைத்துக்கொள்ளும். ஐந்தும் சிக்காமல் வெளியே வந்ததும் கடைசியாக வந்ததை அளங்கள். குண்டு உள்ளே தள்ளப்பட்டிருந்தால் கிரிம்ப் போதவில்லை.

முதல் தடவை ஒவ்வொன்றாக, குழாயை நிரப்பாமல் சுடுங்கள். ஒவ்வொரு கூட்டையும் எடுத்து அடிக்கு மேலே பளபளவென்று வளையம் போல ஒரு கோடு தெரிகிறதா, பிரைமர் தட்டையாகிவிட்டதா, லிவர் திறக்க முரண்டு பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பிரித்துவிடுங்கள்.

அப்புறம், பெட்டி. நாம் செய்த கூட்டின் அடியில் இன்னமும் ‘45-70’ என்றுதான் எழுதியிருக்கும். பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளையோ, ஏலத்தில் வாங்கும் யாரோ அதைப் படித்து என்ன நினைப்பார்கள்? நான் ஒவ்வொரு கூட்டின் அடியிலும் அழியாத மையில் சிவப்புக் கோடு போடுகிறேன். பெட்டியின் மூடியில் ‘33 வின்செஸ்டர் மட்டும், 45-70 அல்ல’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, குண்டின் எடை, மருந்தின் பெயர், அளவு, தேதி, கூடு எத்தனையாவது தடவை நிரப்பியது என்று கீழே குறித்து ஒட்டியிருக்கிறேன். பெட்டிக்குள்ளே அதே சீட்டின் நகல் ஒன்று. மேலே ஒட்டியது எண்ணெய் பட்டு உரிந்துவிடுகிறது.